வரக்காப்பியும் பசி மாத்திரையும்

அரசு மருத்துவமனை மருந்தகங்களில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னை இன்னும் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனை நீக்குவது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கலாம், அல்லது மறந்திருக்கலாம். போன மாதம் அதில் ஒரு படம் வந்தது. கணினித் திரையில் இரண்டு மருந்துகளின் பெயர், பக்கத்தில் சிவப்பு எழுத்து. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மருந்துகளை ஒரே சீட்டில் எழுதினால் இனிமேல் கணினியே எச்சரித்துவிடுமாம். கீழே ஒரு பிள்ளை கேட்டிருந்தது: "இதெல்லாம் இல்லாத காலத்துல எப்படி சார் சமாளிச்சீங்க?"

பெரும்பாலும் சமாளிக்கவில்லை. எழுதியதைக் கொடுத்தோம்; மிச்சத்தை மக்களின் உடம்பு பார்த்துக்கொண்டது. ஆனால் எனக்குக் கடைசியாக வாய்த்த மருத்துவமனையில் டாக்டர் செண்பகம் இருந்தார். அவரைப் பற்றியும், பட்டு எடுக்கப் போன ஒரு வேனைப் பற்றியும் எழுதினால் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொன்ன மாதிரி ஆகும். சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர மட்டும் மாத்திருங்க சார்" என்றாள். வினோதினி என்று மாற்றியிருக்கிறேன். டாக்டர் பெயரையும் மாற்றிவிட்டேன். அவர் படித்தால் திட்டுவார்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மருந்துகளின் பெயரை ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவற்றை எழுதுகிறவர்களின் கையெழுத்தைப் படிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. செரோட்டோனின் என்ற சொல் ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்தது. எழுதி வாங்கிவிட்டேன். அதோடு எங்கள் உறவு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு மீமிசல் பக்கம் சில வருடம், அங்கிட்டு இங்கிட்டு சில வருடம் என்று சுற்றி, அரிமளத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருக்கும் அந்த மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தேன்.

டாக்டர் செண்பகம் குள்ளமானவர், குரல் உயர்த்தாதவர். நோயாளியிடம் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "காலையில எந்திரிச்சதுலருந்து வாய்க்குள்ள என்னென்ன போச்சு?" என்று கேட்பார். பல்பொடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெற்றிலை, கோயில் திருநீறு, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த கஷாயம், பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மிட்டாய் எல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல், "ஏம்மா, நான் என்ன திருடித் தின்னுட்டா வந்திருக்கேன்?" என்று எழுந்தேவிட்டார். டாக்டர் அசரவில்லை. "ஒக்காருங்க. பல்பொடிக்கு அப்புறம் என்ன?" என்றார்.

இன்னொரு பழக்கம், கால். காய்ச்சலும் பதற்றமுமாக யார் வந்தாலும் பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து, சட்டென்று மேலே தள்ளி, அப்படியே பிடித்துக்கொள்வார். சாதாரணக் கால் தள்ளிய இடத்தில் நிற்கும். சில கால்கள் நிற்காது. தையல் மிஷின் மிதிப்பது போலத் தானாக அடித்துக்கொள்ளும். அப்படி ஒரு காலை மற்றவர்கள் பார்ப்பது அபூர்வம் என்பதால், மேடம் செருப்பு அளவு எடுக்கிறார் என்று வார்டில் கேலி செய்வோம். எப்போதோ, எங்கேயோ ஒரு நோயாளியைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து இழந்திருக்கிறார் என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள். அவரிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

நான் பார்த்த முதல் கால் கோட்டைப்பட்டினத்து விசைப்படகு டிரைவர் ஒருவருடையது. கடலில் விழித்திருக்க வேண்டும் என்று லாரிக்காரச் சிநேகிதன் கொடுத்த மாத்திரையைப் போட்டிருக்கிறார். தூக்கம் போய்விட்டது. கரைக்கு வந்த பிறகும் திரும்பி வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்த்து ஊற்ற, ஓர் இடத்தில் உட்கார முடியாமல் வந்தார். டாக்டர் காலைத் தள்ளினார். பாதம் கொஞ்சமாகத் துடித்து நின்றது.

அவரைப் படுக்க வைத்துவிட்டு மருந்தகத்துக்கு வந்தவர், ஊசி மருந்தை நான் எடுத்துக் கொடுப்பதற்குள் சொன்னார். "தூக்கத்த விரட்டுற மருந்துன்னா எல்லாரும் டோபமின் டோபமின்னுதான் பேசுவாங்க. சுறுசுறுப்பும் மெதப்பும் அதுலருந்துதான் வருதுன்னு. செரோட்டோனின யாரும் கண்டுக்கிறதில்ல. சில மருந்து அதையும் சேத்துக் கெளப்பிவிட்டுரும். ஒடம்புச் சூடு, வயிறு, தசை, தூக்கம், மனசு எல்லாத்துலயும் அதுக்கு வேலை இருக்கு. அளவா இருந்தா இருக்கிறதே தெரியாது. மிஞ்சிப் போச்சுன்னா கால்ல வந்து நிக்கும்."

நான் தலையாட்டினேன். அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. டிரைவர் தூங்கி எழுந்து, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டு வாங்காமலே போய்விட்டார்.

இனி வேன்.

எங்கள் மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை புதுக்கோட்டையிலிருந்து மனநல மருத்துவர் வருவார். அன்று மட்டும் எங்கள் ஊரில் தலைவலி அதிகம். வரிசையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் தலைவலிக்குக் காட்ட வந்ததாகத்தான் சொல்வார்கள். வினோதினியும் ஒரு வருடமாக அந்த வரிசையில் வந்துகொண்டிருந்தாள். பி.காம். முடித்து உரக்கடையில் கணக்குப் பார்க்கிற பெண். அப்பா இறந்த பிறகு மாதக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்திருக்கிறாள். மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்செட்டின் எழுதியிருந்தார்கள். மூளையில் செரோட்டோனின் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் வைத்திருக்கும் மாத்திரை. அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் வேலைக்கே போனாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு போகும்போது ஒரு நாளும் என்னை நேராகப் பார்த்ததில்லை. அவள் அம்மா மட்டும் ஒருமுறை மருந்தக ஜன்னல் கம்பி ஓரமாக வந்து, "எடம் பாத்துக்கிட்டிருக்கோம் சார். வெளிய தெரிஞ்சா எவனும் வர மாட்டான்" என்றார். நான் யாரிடம் சொல்லப் போகிறேன் என்றேன்.

இடம் அமைந்தது. மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை. பரிசம் போட்டார்கள். முகூர்த்தப் பட்டு எடுக்க இரண்டு வீட்டாரும் ஒரே வேனில் கிளம்பினார்கள். வேன் பட்டுக்கடைக்குப் போகவில்லை. முற்பகலில் எங்கள் மருத்துவமனை வாசலில் வந்து நின்றது.

வேனுக்குள் ஒரு கல்யாணக் கூட்டமே இருந்தது. நல்ல சேலை, நகை, தலை நிறையப் பூ. நடுவில் வினோதினியை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வேர்வையில் ரவிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணின் பாவை அகலமாக விரிந்திருந்தது. யாரையும் அடையாளம் தெரியாமல் ஏதேதோ பேசினாள். உள்ளே வருவதற்குள் சொந்தக்காரர்கள் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருத்தர் வெயில் என்றார். ஒருத்தர் கண்ணு பட்டுருச்சு என்றார். ஒருத்தர் வலிப்பு என்று சொல்லி, சாவிக்கொத்தை அவள் கையில் திணிக்கப் பார்த்தார்.

டாக்டர் செண்பகம் காலைப் பிடித்தார். தள்ளினார். பாதம் அடிக்க ஆரம்பித்தது. அவர் கையை எடுக்கும்வரை நிற்கவில்லை. அடுத்த காலும் அப்படியே. அவர் முகம் மாறியதை நான் மருந்தக வாசலிலிருந்து பார்த்தேன். அப்படி மாறி அதுவரை நான் பார்த்ததில்லை.

"இந்தப் பொண்ணு மாத்திரை ஏதாவது சாப்புடுதா?" என்று கேட்டார். முதல்முறையாக, மாத்திரை என்றே கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. எம்மவளுக்கு ஒரு நோயும் கெடையாது" என்றார் வினோதினியின் அம்மா. சொல்லும்போது டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா, பட்டு வாங்கக் கொண்டுவந்த பையோடு நின்றுகொண்டிருந்தார். சொன்னால் கல்யாணம் போய்விடும். சொல்லாவிட்டால் பெண் போய்விடுவாள். அந்த அம்மாவுக்கு அந்த நேரத்தில் முதலாவதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். முதலாவதைத்தான் ஒரு வருடமாகப் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஸ்டோர்ல ஒரு கையெழுத்து வேணும்" என்றேன்.

உயிருக்குப் போராடுகிற நோயாளியை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வா என்று நான் கூப்பிடுவேனா என்று டாக்டர் ஒரு நொடி பார்த்தார். உடனே எழுந்து வந்தார். கதவை ஒட்டி நின்று மாத்திரையின் பெயரையும், எவ்வளவு காலம் என்பதையும் சொன்னேன்.

"ஒரு வருசமா சாப்புடுற மாத்திரை இன்னைக்கு மட்டும் எதுக்கு இப்படிச் செய்யணும்? கூட இன்னொண்ணு சேந்திருக்கு" என்றார். திரும்பிப் போய், கூட்டம் முழுவதையும் பார்த்துக் கேட்டார். "காலையில எந்திரிச்சதுலருந்து இந்தப் பொண்ணு வாய்க்குள்ள என்னென்ன போச்சு?"

பேஸ்ட் என்றார்கள். தண்ணீர். வேனில் யாரோ கொடுத்த வாழைப்பழம், அதையும் தின்னாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இட்லி வேண்டாம் என்றுவிட்டாள். அவ்வளவுதான் என்றார்கள். டாக்டர், "அப்புறம்?" என்றார். அவ்வளவுதாங்க என்றார்கள். "அப்புறம்?" என்றார்.

"வரக்காப்பி குடிச்சுச்சு. அதெல்லாமா சொல்லணும்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"யாரு போட்டது?"

"நாந்தான் குடுத்தேன். எம்மகன் வெளிநாட்டுலருந்து அனுப்புனது. ஒசத்திக் காப்பி. பொண்ணு கொஞ்சம் சதை போட்டிருக்குல்ல, கல்யாணத்துக்குள்ள வத்திரும்னு பத்து நாளா குடிக்குது. இன்னைக்கு ரவிக்கைக்கு அளவு எடுக்கப் போறோமேன்னு ரெண்டு பாக்கெட்டாப் போட்டு பிளாஸ்க்குல கொண்டாந்து குடுத்தேன்."

சொன்னதில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். இடுப்பே இல்லாத ஒரு பெண்ணின் படம். எழுத்து தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு பச்சை இலை வரைந்திருந்தார்கள்.

"இப்படி வர்ற காப்பியில பசிய அடக்குற மருந்து ரகசியமாக் கலந்திருக்கும். நம்ம நாட்டுல தடை பண்ணுன சரக்கு. தூக்கத்த விரட்டுற மருந்துக்குப் பங்காளி. அதுவும் செரோட்டோனின உறிஞ்ச விடாது" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார் டாக்டர். உள்ளே இருப்பது அதுதானா என்று சோதித்துப் பார்க்க நேரம் இல்லை. கால் சொன்னதை அவர் நம்பினார். பெண் வீடு ஒரு பாதியை மறைத்தது. மாப்பிள்ளை வீடு மறு பாதியை மறைக்கவில்லை. காப்பியை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்?

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. இந்தச் சூட்டுக்குப் பாராசிட்டமால் உதவாது. தசை விடாமல் இறுகி இறுகி எழுப்புகிற சூடு, அதனால் முதலில் தசையைத் தளர்த்த வேண்டும். அதற்கு ஊசி போட்டார். குளுக்கோஸ் ஏறியது. உடம்பைக் குளிர வைக்க ஐஸ் வேண்டும். எங்கள் ஃபிரிட்ஜில் தடுப்பூசி தவிர ஒன்றும் இல்லை. வாசலில் மீமிசலிலிருந்து டி.வி.எஸ்.ஸில் வரும் மீன்காரர் நின்றுகொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து, மீனை ஒதுக்கி, ஐஸை அள்ளிக் கொடுத்தார். கல்யாணப் பெண்ணின் அக்குளிலும் கழுத்திலும் மீன் வாடை அடிக்கும் ஐஸ் துணியில் சுற்றி வைக்கப்பட்டது. சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஆம்புலன்ஸ் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. வரத் தாமதமாகும் என்றார்கள்.

டாக்டர் என்னைப் பார்த்து, "சைப்ரோஹெப்டடின் இருக்கா?" என்றார்.

எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம். அது பசி மாத்திரை. ஒல்லியாக இருக்கும் பிள்ளைகளுக்கும், நிச்சயமான மெலிந்த பெண்களுக்கும் ஊரெல்லாம் வாங்கிக் கொடுப்பது. "பசிக்குக் குடுக்குறதா மேடம்?" என்றேன்.

"அதேதான். செரோட்டோனினத் தடுக்குறது அதோட இன்னொரு வேலை. ஓடுங்க."

ஸ்டோரில் இல்லை. எதிர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டே என் வயிற்றைப் பார்த்தார். "யாருக்கு சார்? ஒங்களுக்கா? பாத்தா மெலிஞ்ச மாதிரி தெரியலியே" என்றார். வேறொரு நாளாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து மூக்குக் குழாய் வழியே செலுத்தத் தயாரானபோது, மாப்பிள்ளையின் அம்மா என் கையிலிருந்த அட்டையை அடையாளம் கண்டுகொண்டார். "இது சதை போடுற மாத்திரையில்ல? எம்மகளுக்கு வாங்கிக் குடுத்தோமே! இதக் குடுத்தா பொண்ணு இன்னும் ஊதிருமே!" என்றார்.

டாக்டர் நிமிராமல் பதில் சொன்னார். "ஆமாம்மா. உசுரோட ஊதும்."

மாத்திரைத் தண்ணீரைக் குழாயில் மெதுவாக இறக்கினார்.

காத்திருந்தோம். டாக்டர் அவ்வப்போது காலைத் தள்ளிப் பார்த்தார். அடித்தது. மறுபடி தள்ளினார். அடித்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் பேசினார். செய்வதையே செய்யுங்கள், ஆம்புலன்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் போகவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க, அடுக்கியிருந்த மருந்துகளையே திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். வெயில் இறங்குகிற நேரத்தில் சூடு குறைய ஆரம்பித்தது. அடுத்த முறை காலைத் தள்ளியபோது பாதம் ரெண்டு மூன்று முறை துடித்து, தள்ளிய இடத்தில் நின்றது. டாக்டர் அந்தப் பாதத்தை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான்.

ஆம்புலன்ஸ் வந்து, தேவைப்படாமல், வாசலில் நின்றது. காப்பிப் பாக்கெட்டை முறைப்படி சோதனைக்கு அனுப்பினோம். நான் ஓய்வு பெறும்வரை பதில் வரவில்லை.

மறுநாள் காலையில் வினோதினி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, என்ன நடந்தது என்று அவளிடம் விளக்கினார். மனநல மருத்துவரிடம் பேசிவிட்டதாகவும், மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி மறுபடி தொடங்கலாம் என்றும், இதை அவள் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எல்லாரையும் கூப்பிடுங்க டாக்டர். அவுகளுக்கும் போன் போடச் சொல்லுங்க" என்றாள்.

அவுக என்றது மாப்பிள்ளையை. மாப்பிள்ளையின் அம்மா வீடியோவில் மகனைப் பிடித்துக் கொடுத்தார். நான் மாத்திரை கொடுக்கப் போயிருந்தேன். வெளியே போ என்று யாரும் சொல்லாததால் நின்றேன்.

"நான் மனநல டாக்டர்கிட்ட ஒரு வருசமா மாத்திரை வாங்கிச் சாப்புடுறேன்" என்றாள் வினோதினி. "எங்கம்மா ஒங்க வீட்டுல சொல்லல. நான் சொல்றேன். இனிமேயும் சாப்புடுவேன். அதோட நீங்க அனுப்புன காப்பியும் சேந்துதான் இப்படி ஆயிருச்சு. நான் குண்டா இருக்கிறது பிடிக்கலேன்னா அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

அவள் அம்மா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டார். போனில் அந்தப் பையனின் முகம் அசையாமல் அப்படியே நின்றது. நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"நான் எங்க ஒனக்கு அனுப்புனேன்?" என்றான் கடைசியில். "அம்மாவுக்கு முட்டி வலி. எடையக் கொறைக்கணும்னு டாக்டர் சொன்னாருன்னு அம்மாதான் பொலம்புச்சு. இங்க ரூம்ல ஒருத்தர் இந்தக் காப்பி குடிச்சா எடை கொறையும்னாரு. அம்மாவுக்குத்தான் அனுப்பி வச்சேன்."

எல்லோரும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தோம். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அப்ப ஒங்களுக்கு நான்..." என்று வினோதினி ஆரம்பித்தாள்.

"போட்டோவப் பாத்துத்தான சரின்னு சொன்னேன்" என்றான். பிறகு தயங்கி, "மாத்திரைய ஒரேயடியா நிறுத்தக்கூடாதுன்னு டாக்டர் சொல்றாங்களா?" என்று கேட்டான்.

"ஆமா."

"அப்ப நிறுத்தாத."

அவ்வளவுதான் பேசினான். அதற்கு மேல் பேசத் தெரிந்த பையன் மாதிரியும் தெரியவில்லை. வினோதினி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அழுதாள். பசி மாத்திரை அதன் வழக்கமான வேலையையும் செய்துகொண்டிருந்தது போல. அழுகை நின்றதும், "ம்மா, எனக்குப் பசிக்குது" என்றாள்.

அவள் அம்மா முகத்திலிருந்து முந்தானையை எடுப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு பாடுபட்டும் கல்யாணம் போயிற்றே என்று மனசு கனத்தது. மருந்தகத்துக்குத் திரும்பும்போது வாசல் ஓட்டலில் அவரைப் பார்த்தேன். வரிசையில் நின்று, இலை மடிக்கிறவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை காட்டிக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது.

"சார், நாலு இட்லி சொல்லிருக்கேன்" என்றார். "நேத்துலருந்து பட்டினி கெடக்குற பிள்ளை. நாலு பத்துமா?"

"பத்தாதும்மா. ஆறா வாங்குங்க" என்றேன்.